எப்போது இயங்க வேண்டும்? இல்லச் சாதனங்களின் காலநியமம் குறித்த ஓர் ஆய்வு

வினா

மாலையில் வாசல் விளக்கு எரிய வேண்டும், விடியுமுன் வெந்நீர் காய்ந்திருக்க வேண்டும், மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்க வேண்டும் என்பன போன்ற சிறு விருப்பங்களைக் கை தொடாமலே நிறைவேற்றித் தரும் சாதனங்கள் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் புகுந்துவிட்டன. அவை யாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் மென்பொருள்களும் பல தோன்றியுள்ளன. எந்தச் சாதனம், எந்த அறை என்பவற்றை யந்திரத்துக்கு உணர்த்துவது எளிது. எப்போது என்பதை உணர்த்துவதுதான் கடினம். ஏனெனில் மனிதன் தன் தேவையை மணிக்கணக்கில் உணர்வதில்லை. இருட்டும்போது, விருந்தினர் வரும்போது, பிள்ளைகள் உறங்கிய பிறகு என்றே அவன் எண்ணுகிறான். யந்திரமோ திட்டவட்டமான குறிப்பொன்று இல்லாமல் அணுவளவும் அசையாது.

இந்த இடைவெளியை நிரப்ப நூறாண்டுகளுக்கு மேலாக முன்வைக்கப்பட்ட விடைகளை ஐந்து பட்சங்களாகப் பகுத்துக் காணலாம். கடிகாரத்தைப் பிரமாணமாகக் கொள்வது ஒன்று. சூரியனைக் கொள்வது மற்றொன்று. நிகழ்ச்சிகளைக் கொள்வது மூன்றாவது. வசிப்பவரின் பழக்கத்தை யந்திரமே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நான்காவது. மின்சாரத்தின் விலையே வேளையை நிர்ணயிக்கட்டும் என்பது ஐந்தாவது. ஒவ்வொன்றும் தன் காலத்தின் நியாயமான தேவையிலிருந்து பிறந்ததே. எனினும் இவை ஐந்துக்கும் அடியில், அதிகம் கவனிக்கப்படாத ஆறாவது வினா ஒன்று மறைந்திருக்கிறது என்பதும், அதைத் தீர்க்காமல் மற்றவை எவ்வளவு நுட்பமாக வளர்ந்தாலும் குறை தீராது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கடிகாரப் பட்சம்

இன்ன மணிக்கு இன்னது நிகழ்க என்று முன்கூட்டியே விதித்துவிடுவது மிகப் பழைய விடை. இருபத்துநான்கு மணிக்கு ஒரு முறை சுழலும் வட்டத்தில் ஆணிகளைச் செருகி, அவை சுவிட்சைத் தட்டிவிடும்படி அமைத்த டைமர்கள் இதன் ஆரம்ப வடிவம். இவற்றுள் பல, மின்சாரத்தின் அலைவையே எண்ணிக் காலத்தை அளந்தன. அதாவது மின்வலையின் அதிர்வெண் பிசகாதவரை கடிகாரமும் பிசகாது என்ற நம்பிக்கையின் மீது நின்றன. அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2018-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையே எழுந்த பிணக்கால் ஐரோப்பிய மின்வலையின் அதிர்வெண் 50 ஹெர்ட்சுக்குச் சற்றே கீழிறங்கி நிற்க, மின்வலையை எண்ணி ஓடிய கடிகாரங்கள் அக்கண்டத்தின் பெரும்பகுதியில் ஏறக்குறைய ஆறு நிமிஷம் பின்தங்கிவிட்டன. மின்வெட்டு வழக்கமாக உள்ள தேசங்களில் குறை இன்னும் வெளிப்படை: மின்சாரம் நின்றால் வட்டமும் நிற்கும், இரண்டு மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தால், அதன் பிறகு எல்லாக் காரியங்களும் இரண்டு மணி தாமதமாகவே நடக்கும்.

வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமும், அதற்குத் துணையான சிறு மின்கலமும் இக்குறையைப் பெரிதும் போக்கின. 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ரோத்தஸ் நகரத்து பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உருவான எக்ஸ்-10 முறை, வீட்டு மின்கம்பியையே செய்தி வழியாக்கி, 256 முகவரிகள் வரை கட்டளை அனுப்ப இடமளித்தது. ஆனால் அனுப்பிய கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அறியும் வழி அதன் எளிய சாதனங்களில் இல்லை. விளக்கை ஏற்று என்று ஏழு மணிக்குச் சொல்லிவிட்டு, விளக்கு எரிகிறதா என்று திரும்பிப் பாராத முறை அது.

கணிப்பொறி உலகில் இதே பட்சத்தின் தெளிவான வடிவம் யூனிக்ஸ் இயங்குதளத்தின் கிரான். நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற ஐந்து கூறுகளால் எந்த வேளையையும் குறித்துவிடலாம் என்ற அதன் சுருக்கம் வியக்கத்தக்கது. இல்லத் தன்னியக்க மென்பொருள்கள் சில இன்றும் அந்தக் குறியீட்டையே கையாளுகின்றன. ஆயினும் இதைப் பழகாதவர் இடறும் இடங்கள் பல. பால் விக்ஸி 1987-இல் எழுதிய புகழ்பெற்ற வடிவத்தில், தேதியையும் கிழமையையும் ஒருங்கே குறிப்பிட்டால் இரண்டும் பொருந்தும் நாளில் மட்டுமன்றி, இரண்டில் ஏதேனும் ஒன்று பொருந்தும் நாளிலும் காரியம் நடந்துவிடும். பதின்மூன்றாந் தேதி வெள்ளிக்கிழமை என்று கருதி எழுதியவர், எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் எல்லாப் பதின்மூன்றாந் தேதிகளிலும் அது நிகழக் காண்பார்.

கடிகாரமே அரசாங்கத்தின் ஆணைக்கு உட்பட்டது என்பது இப்பட்சத்தின் ஆழ்ந்த பலவீனம். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று விடியற்காலை இரண்டரை மணி என்பதே வருவதில்லை. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று அது இரண்டு முறை வருகிறது. அந்த வேளைக்குக் குறித்த காரியம் நடவாமல் போகலாம், இருமுறையும் நடக்கலாம். இந்தியாவில் இந்தச் சிக்கல் இல்லை. இலங்கையோ, 1996-இல் மின்பற்றாக்குறையைக் கருதித் தன் கடிகாரத்தை முன்தள்ளிப் பின்னர் ஒருமுறை திருத்தி, 2006 ஏப்ரலில்தான் இந்திய நேரத்தோடு மீண்டும் ஒன்றியது. இத்தகைய மாற்றங்களையெல்லாம் தொகுத்து வைக்கும் உலகப் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. ஆனால் பழைய சாதனத்துக்குள் உறையும் பட்டியலைப் புதுப்பிப்பவர் எவரும் இல்லையானால், அந்தச் சாதனம் மறைந்துபோன ஒரு சட்டத்தின்படியே என்றென்றும் இயங்கும்.

சூரியப் பட்சம்

விளக்கை ஏற்ற வேண்டியது ஆறரை மணி ஆகிவிட்டதால் அன்று, இருட்டிவிட்டதால்தான் என்று வாதிப்பது இரண்டாம் பட்சம். இதன் சிறந்த பிரதிநிதி ஸ்வீடன் தேசத்துக் குஸ்தாஃப் தாலேன். 1907-இல் அவர் அமைத்த சூரிய அடைப்பான், ஒளியை உறிஞ்சும் கரிய தண்டு, ஒளியைத் திருப்பியனுப்பும் பளபளப்பான தண்டுகளைவிடச் சற்றே மிகுதியாக விரிவதைக் கொண்டு, பகலில் கலங்கரை விளக்கத்தின் வாயுவை அடைத்து, இரவில் திறந்துவிட்டது. கடிகாரமும் காவலாளும் இல்லாத பாறைகளில் விளக்குகள் தாமே எரிந்து தாமே அணைந்தன. அவருடைய தன்னியக்க அமைப்புகளுக்காக 1912-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

தாலேன் ஒளியை நேரில் உணர்ந்தார். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் அதைக் கணக்கிடுகின்றன. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகிய மூன்றும் தெரிந்தால் உதயாஸ்தமனத்தை நிமிஷத் துல்லியமாக அறியலாம். வளிமண்டலம் ஒளியை வளைப்பதையும் சூரிய பிம்பத்தின் பாதி அகலத்தையும் கருதி, பிம்பத்தின் மையம் தொடுவானத்துக்குக் கீழே 0.833 பாகை இறங்கும் கணத்தை அஸ்தமனம் என்று கொள்வது மரபு. பவுலஸ் ஸ்கௌட்சன் 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டண்ட் என்னும் மென்பொருளின் முதல் வேலையே சூரியன் மறையும்போது விளக்குகளை ஏற்றுவதாக இருந்தது என்பது இந்தப் பட்சத்தின் கவர்ச்சியைக் காட்டும்.

இதன் பயன் இடத்துக்கு இடம் மாறுபடும். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதத்துப் பகல் ஆறு மணி நேரமே. ஜூனிலோ பதினெட்டு மணிக்கும் மேல். அங்கே நிலையான மணியைக் குறிப்பது பொருளற்றது. சென்னையில் அஸ்தமனம் ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ ஒரு மணி நேர அளவே நகர்கிறது. ஆதலின் கடிகாரத்தை மட்டும் நம்புபவரும் இங்கே பெரிதாக ஏமாறுவதில்லை. கணக்கிடும் முறைக்கு மேகம் தெரியாது. ஐப்பசி அடைமழையில் நான்கு மணிக்கே வீடு இருண்டாலும் அது காத்திருக்கும். உணரும் முறைக்கு மேகம் தெரியும். ஆனால் ஒளியுணரியின் மீது படிந்த தூசியையோ, தான் ஏற்றிய விளக்கின் ஒளியையோ அது இயற்கை ஒளியிலிருந்து பிரித்தறியாது. இரண்டையும் இணைப்பதே பலர் காணும் சமரசம்.

நிகழ்ச்சிப் பட்சம்

மூன்றாம் பட்சத்தார் காலத்தைத் தனியே குறிக்க வேண்டுவதில்லை என்பர். ஒன்று நிகழ்ந்தால் மற்றொன்று நிகழட்டும் என்ற விதியே போதும். தமிழ்நாட்டு உழவர்கள் இதை மென்பொருள் வருமுன்பே அறிந்திருந்தனர். மும்முனை மின்சாரம் முறைவைத்து வழங்கப்படும் கிராமங்களில், அது நள்ளிரவில் வந்தாலும் பம்புசெட் தானே ஓடத் தொடங்கும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திக்கொண்டனர். மின்சாரம் வரும் மணி நிச்சயமற்றதாயிருக்கும்போது, அதன் வரவையே அடையாளமாகக் கொள்வது அறிவார்ந்த தீர்வன்றோ! ஆயின் ஒரே மின்பாதையில் உள்ள மோட்டார்கள் யாவும் ஒரே கணத்தில் விழிப்பதால் மின்னழுத்தம் சரிவதும், கிணற்றில் நீரில்லாத இரவிலும் மோட்டார் ஓடிக் காய்வதும் இதே தீர்வின் விளைவுகள்.

இந்த விதிமுறையை எளிய மொழியில் பொதுமக்களுக்கு வழங்கும் முயற்சி 2010-இல் தோன்றிய இஃப்ட் என்னும் சேவையால் பரவியது. பிளேஸ் ஊரும் அவருடைய கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நிரல் எழுதிப் பழகாதவர்களும் பல தூண்டல்களும் பல செயல்களும் கொண்ட விதிகளை விரைவில் அமைக்கக் கற்கின்றனர் என்று கண்டனர். மறு ஆண்டில் ஜஸ்டின் ஹுவாங்கும் மாயா சக்மாக்கும் செய்த ஆராய்ச்சி இந்த நம்பிக்கைக்கு ஓர் எச்சரிக்கை சேர்த்தது. மழை தொடங்குவது ஒரு கணத்தில் நேரும் நிகழ்ச்சி. மழை பெய்துகொண்டிருப்பது நீடிக்கும் நிலை. மழை பெய்தால் சன்னலை மூடு என்று ஒருவர் எழுதும்போது, இரண்டில் எதைக் கருதுகிறார் என்பதும், மழை விட்டபின் சன்னல் தானே திறக்க வேண்டுமா என்பதும் அவ்விதியில் அடங்கவில்லை. எழுதியவரும் படிப்பவரும் வெவ்வேறாகப் பொருள் கொள்கின்றனர். இந்தப் பாகுபாடு இக்கட்டுரையின் முடிவுக்கு மிக முக்கியமானது.

பழக்கத்தைக் கற்கும் பட்சம்

அட்டவணையை மனிதன் எழுதவே வேண்டாம் என்பது நான்காம் பட்சம். 1990-களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில், பழைய பள்ளிக்கூடம் ஒன்றைக் குடியிருப்பாக்கி அதில் மைக்கேல் மோசர் நிறுவிய தகவமைக்கும் வீடு, எரிபொருள் செலவையும் வசிப்பவரின் அசௌகரியத்தையும் ஒரே பண அலகில் கூட்டி, அக்கூட்டுத்தொகையைக் குறைப்பதே தன் கடமை என்று கொண்டது. ஓர் அறைக்குள் ஒருவர் அடியெடுத்து வைக்கும் முன்பே அவர் வரவை ஊகிக்கவும் அது முயன்றது. 2011-இல் விற்பனைக்கு வந்த நெஸ்ட் வெப்பநிலை ஒழுங்கி அதே எண்ணத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

இந்தப் பட்சம் வலுப்பெற்றதற்கு நல்ல காரணம் இருந்தது. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வெப்பநிலையைக் குறித்துவைக்கத்தக்க ஒழுங்கிகள், எதிர்பார்த்த சிக்கனத்தைத் தந்தமைக்குப் போதிய சான்று இல்லை என்று கண்டு, அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் 2009-ஆம் ஆண்டின் இறுதியோடு அவற்றுக்கு அளித்துவந்த முத்திரையை நிறுத்திக்கொண்டது. கருவியில் குற்றமில்லை, அட்டவணை எழுதும் உழைப்பைப் பலர் மேற்கொள்ளவில்லை, மேற்கொண்டவரும் அதைத் திருத்திவரவில்லை. ஆனால் கற்கும் யந்திரத்தைப் பற்றி ரேயோங் யாங்கும் மார்க் நியூமனும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு குறையை வெளிப்படுத்தியது: யந்திரம் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை வசிப்பவர் பல வேளைகளில் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு வாரத்து விடுமுறையைப் பழக்கமென்றும், நெடுநாள் பழக்கத்தைத் தற்செயலென்றும் அது எடுத்துக்கொள்ளக்கூடும். தான் எழுதிய விதியின் பிழையைத் தானே திருத்தலாம். எவரும் எழுதாத விதியின் பிழையை எங்கே தேடுவது?

விலையும் பொதுநலமும்

ஐந்தாம் பட்சம் வீட்டின் எல்லையைத் தாண்டுகிறது. எல்லாரும் ஒரே வேளையில் மின்சாரம் கொள்வதால் நேரும் சுமையைப் பகிர, வேளைக்கு ஏற்ப விலையை மாற்றி, சாதனங்களை மலிவான வேளைக்கு நகர்த்துவது அதன் நோக்கம். பிரிட்டனில் 1978-இல் தொடங்கிய எகானமி செவன் கட்டணம் இரவின் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த விலை வகுத்தது. இந்தியாவில் 2023-இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி மிக்க வேளைகளில் கட்டணம் சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும் என்றும், உச்ச வேளைகளில் உயர்ந்திருக்க வேண்டும் என்றும், வேளாண்மை நீங்கலான பிற நுகர்வோருக்கு இம்முறையைப் படிப்படியாக விரிக்க வேண்டும் என்றும் வகுத்துள்ளன. இரவே மலிவு என்று நெடுங்காலம் எண்ணிவந்த மனம், இனி நண்பகலே மலிவு என்று பழக வேண்டியிருக்கும்.

மலிவான வேளை தொடங்கும் அதே வினாடியில் இலட்சக்கணக்கான சாதனங்கள் விழித்தால், குறைக்கக் கருதிய சுமையே புதிய உருவில் எழும் என்பது இதன் சிக்கல். மின்வண்டிகளுக்கு மின்னேற்றும் சாதனங்கள் தம் தொடக்கத்தைப் பத்து நிமிஷம் வரை தற்செயலாகத் தாமதிக்க வேண்டும் என்று பிரிட்டன் 2021-ஆம் ஆண்டின் விதிகளில் வகுத்தது இதனாலேயே. நூறாண்டுகளாகத் துல்லியத்தையே நாடிவந்த ஒரு துறையில், வேண்டுமென்றே துல்லியமின்மை சட்டமானது குறிப்பிடத்தக்க திருப்பம். தன் வீட்டுக்கு உகந்த வேளை ஊருக்கும் உகந்ததாக இருக்க வேண்டுவதில்லை என்பதை மற்ற நான்கு பட்சங்களும் எண்ணிப் பார்த்ததில்லை.

அட்டவணை வசிக்கும் இடம்

காலத்தை எவ்வாறு குறித்தாலும் அக்குறிப்பு எங்கே வசிக்கிறது என்பதும் ஒரு கிளை வினா. சாதனத்துக்குள்ளேயே வைக்கலாம், டாஸ்மோட்டா என்னும் திறந்த மென்பொருள் ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் பதினாறு டைமர்களை வைக்கிறது. ஆனால் அத்தகைய மலிவான சாதனங்கள் பலவற்றில் மின்கலம் தாங்கும் கடிகாரம் இல்லாமையால், மின்வெட்டுக்குப் பின் வலையிலிருந்து நேரத்தைக் கேட்டறியும்வரை அவை மணி அறியா நிலையிலேயே நிற்கும். வீட்டின் மையக் கணிப்பொறியில் வைத்தால் ஒருமைப்பாடு கிடைக்கும். அந்த ஒரு கணிப்பொறி நின்றால் எல்லாம் நிற்கும். தொலைதூர நிறுவனத்தின் கணிப்பொறியில் வைத்தால் பராமரிப்பு வேண்டாம். ஆனால் 2016 மே மாதத்தில் ரெவோல்வ் என்னும் மையச் சாதனத்தின் சேவை நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர் கையில் பயனற்ற பெட்டியே எஞ்சியது.

கணமா, நிலையா?

ஐந்து பட்சங்களுக்கும் அடியில் மறைந்திருப்பதாகத் தொடக்கத்தில் சொன்ன வினா இதுவே: காலநியமம் என்பது ஒரு கணத்தில் பிறப்பிக்கும் கட்டளையா, அல்லது ஓர் அவகாசம் முழுவதும் நிலவ வேண்டிய நிலையா? ஏழு மணிக்கு விளக்கை ஏற்று என்பது கணம். ஏழு முதல் பத்து வரை விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும் என்பது நிலை. மேலோட்டமாக இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். ஏழு மணிக்கு மின்சாரம் இல்லாமல் ஏழேகாலுக்கு வந்தால் வேற்றுமை வெளிப்படும்: கணத்தை நம்பிய வீடு இரவெல்லாம் இருண்டிருக்கும், நிலையை நம்பிய வீட்டில் விளக்கு உடனே ஏற்றப்படும். எக்ஸ்-10 திரும்பிப் பாராததும், கிரான் தவறவிட்ட காரியத்தைத் தானே மீளச் செய்யாததும், நின்று எழுந்த மையக் கணிப்பொறி கடந்துபோன தூண்டலை அறியாததும் கணத்தை நம்பியதன் விளைவுகளே. மழை பற்றிய விதியில் விளைந்த குழப்பத்துக்கும் இதுவே வேர்.

அவகாசத்தை அடிப்படையாகக் கொள்ளும் சிந்தனை புதிதன்று. ஜேம்ஸ் ஆலன் 1983-இல் இரண்டு அவகாசங்கள் ஒன்றோடொன்று கொள்ளத்தக்க பதின்மூன்று உறவுகளை வகுத்துக் காட்டினார். வெப்பநிலை ஒழுங்கி ஆதியிலிருந்தே நிலையைக் காப்பதாகத்தான் இருந்துவந்தது. ஹோம் அசிஸ்டண்டில் 2022-இல் சேர்ந்த வார அட்டவணை உறுப்பும், இன்ன அவகாசத்தில் ஆம், மற்ற வேளையில் இல்லை என்று நிலையாகவே காலத்தைக் காட்டுகிறது.

ஆயினும் நிலைப் பட்சத்துக்கும் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, எல்லாக் காரியமும் நிலையாக மாறாது. காலை மணி அடிப்பதும், செடிக்குப் பத்து நிமிஷம் நீர் விடுவதும் அத்தகையவை; தவறவிட்டவற்றைப் பிறகு செய்வது சில வேளை தீங்கே விளைவிக்கும். இரண்டாவது, மனிதனின் தலையீடு. எட்டு மணிக்குத் தலைவலியால் ஒருவர் விளக்கை அணைத்தால், பத்து வரை எரிய வேண்டும் என்ற நிலையைக் காக்கும் யந்திரம் அதை மீண்டும் ஏற்றிவிடும். பெருங்கட்டடங்களுக்காக 1995-இல் அமைந்த பாக்நெட் நெறி, கட்டளைகளுக்குப் பதினாறு முதன்மை நிலைகள் வகுத்து, உயிர்க்காப்பை உச்சியில் வைத்து, மனிதனின் கைக்கட்டளையை அட்டவணைக்கு மேலே அமரச் செய்தது. மேற்கட்டளை விலகியதும் கீழுள்ளது தானே செல்லுபடியாகும். இந்த ஒழுங்கு வீடுகளுக்கு இன்னும் பரவலாக வரவில்லை. அலுவலகத்தில் கைக்கட்டளையை விலக்கப் பொறியாளர் இருப்பார். வீட்டில் தலைவலி எப்போது தீர்ந்தது என்று சுவிட்சுக்குச் சொல்பவர் இல்லை.

முடிவாக

இதுகாறும் கண்டவற்றிலிருந்து சிலவற்றைத் துணிந்து கூறலாம். வேளையை உணர்த்தும் வழிகளில் எதுவும் மற்றொன்றை முற்றிலும் அகற்றவில்லை. வெளிச்சம் பற்றிய காரியங்களுக்குச் சூரியனும், சமூக ஒழுங்கு பற்றியவற்றுக்குக் கடிகாரமும், நிச்சயமற்ற வரவுகளுக்கு நிகழ்ச்சியும், மிகுந்த மின்சாரம் கொள்ளும் சாதனங்களுக்கு விலையும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. நிலையாக எழுதக்கூடியதை நிலையாகவே எழுதுவது, கணமாக எழுதியே தீர வேண்டியதற்குத் தவறினால் என்ன செய்வது என்பதையும் உடன் எழுதுவது, இவ்விரண்டும் பெரும்பாலான ஏமாற்றங்களைத் தவிர்க்கும் என்று கொள்வதற்கு மேற்கண்ட உதாரணங்கள் இடமளிக்கின்றன.

தீராதவையும் உள. மனிதனின் கைச்செயல் எவ்வளவு நேரம் அட்டவணையை வெல்ல வேண்டும் என்பதற்குப் பொது விதி இல்லை. ஒரே வீட்டில் வசிக்கும் பலருடைய விருப்பங்கள் முரணும்போது யாருடைய அட்டவணை செல்லும் என்பதை மென்பொருள் தீர்மானிக்க இயலாது. கற்கும் யந்திரம் தன் காரணத்தைப் பாமரரும் விளங்கும்படி உரைப்பது இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. வீட்டின் சௌகரியத்துக்கும் மின்வலையின் நலனுக்கும் இடையே எல்லை வகுக்கும் உரிமை வசிப்பவருக்கா, வழங்குபவருக்கா என்பது சட்டமும் நியாயமும் கலந்த வினா. இவற்றுள் முதல் இரண்டும் குடும்பத்துக்குள்ளே பேசித் தெளிய வேண்டியவை. மென்பொருள் எழுதுவோர் அந்தப் பேச்சுக்கு இடம் வைக்கலாமேயன்றி அதற்குப் பதிலாக நிற்க முடியாது. நான்காவது, வேளைக்கேற்ற கட்டணம் வீடுதோறும் வரும்போது பொதுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டியது. அந்த விவாதம் சாதனங்கள் பரவிய பின்னர் அன்றி, பரவும்போதே நிகழ்வது நலம்.